அம்மனுக்கு மேல இருந்த ஞாயிறு

அந்த மண் பொம்பிளையை எனக்கு முதல்ல பிடிக்கவேயில்லை. ஒரு சாண் உயரம்கூட வராது. இடுப்புக்குக் கீழ கால் இல்லை, வெறும் மண் தண்டு. ரெண்டு கையாலயும் மார்பைத் தாங்கிக்கொண்டு, முழிச்ச கண்ணோட நிக்கும். கழுத்தில ஒரு உடைவு. தலையைத் திருப்பி ஒட்டியிருக்கினம், அந்தக் கோடு வடிவாத் தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள அவ நிக்க, வெளியால பதினாலு வருசமா நான் நிக்கிறன்.

பிராங்பேர்ட்டில ஒரு நூதனசாலையில எனக்குக் காவல் வேலை. கறுப்புக் கோட்டு, கறுப்புக் காற்சட்டை. பாக்க வாற சனத்தோட நான் கதைக்கலாமெண்டு விட்ட வசனம் ரெண்டு. "தயவுசெய்து தொடாதேங்கோ." "கழிப்பறை இடப்பக்கம்." அதுக்கு மேல வாயைத் திறந்தால் ஏச்சு விழும். பொருளைப் பற்றி விளங்கப்படுத்திறது வழிகாட்டியளின்ர வேலையாம், எங்கட வேலை நிக்கிறதாம். நல்ல கதை. வாற வழிகாட்டியள் வருசத்துக்கு ஒருக்கா மாறுவினம். நான்தான் மாறாமல் நிக்கிறன், சொல்லுறதெல்லாம் காதில விழாமல் எங்க போறது?

அதால அந்தக் கூடத்தில கிடக்கிற எல்லாம் எனக்கு மனப்பாடம். பாபிலோன் செங்கல், ஊர் எண்ட நகரத்து மண் பலகையள், கானான் நாட்டுப் பானையள், எருசலேம் மலைப்பக்கத்து வீடுகளைக் கிண்டி எடுத்த சாமான்கள். யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள், மூண்டு பேரின்ர கதையும் அந்த மண்ணிலதான் தொடங்கினதெண்டு சுவரில பெரிய எழுத்தில போட்டிருக்கு. ஒரு குஞ்சும் வாசிக்கிறேல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையள் மண் பொம்பிளையின்ர மார்பைப் பாத்துச் சிரிச்சுப்போட்டு, கண்ணாடியில கைரேகையை அப்பிப்போட்டு ஓடுங்கள்.

அவவின்ர கதை இதுதான். கிட்டத்தட்ட ரெண்டாயிரத்து எழுநூறு வருசத்துக்கு முந்தி. எருசலேமில பெரிய ஆலயம் நிக்குது, அங்க ஒரேயொரு ஆண்டவர். ஆனால் சனத்தின்ர வீடுகளைக் கிண்டினால், அடுப்படியிலயும் படுக்கிற அறையிலயும் இவ மாதிரி மண் பொம்பிளையள் வந்துகொண்டே இருக்கினம். ஒண்டு ரெண்டில்லை, வீட்டுக்கு வீடு. அந்தக் காலத்துப் பானை எழுத்தொண்டில ஆண்டவற்ற பேரோட சேத்து ஒரு அம்மன்ர பேரும் கிடக்குதாம். அது அவற்ற பெண்சாதியோ, இல்லாட்டில் வெறும் மரக்கம்பமோ எண்டு படிச்ச ஆக்கள் இன்னும் அடிபடுகினம். பேந்து வந்த அரசர்மார் உதெல்லாம் கூடாது, உடையுங்கோ எண்டு சொல்லிப்போட்டினமாம். அகப்பட்ட பொம்மையளில முக்கால்வாசி உடைஞ்சதுதான்.

"ஆர் உடைச்சது?" எண்டு நான் ஒரு நாள் கேட்டுப்போட்டன். ஏச்சு விழுமெண்டு தெரிஞ்சும் கேட்டன். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான டொக்டர் அம்மா நல்ல மனிசி, ஏசேல்லை. "தெரியாது" எண்டா. "தலையை வேறயாச் செய்து ஒட்டுறவை. கழுத்து தன்பாட்டிலயும் உடையும். அரசன்ர ஆக்களும் உடைச்சிருக்கலாம். வீட்டுக்காரரே உடைச்சிருக்கவும் கூடும்."

வீட்டுக்காரரே. அப்ப நான் அதைப் பெரிசா எடுக்கேல்லை. அவையின்ர பொம்மை, அவையின்ர சண்டை எண்டு விட்டிட்டன்.

பேந்து என்ர வீட்டில தொடங்கினது.

என்ர மனுசன் ஒரு ஹோட்டல் குசினியில இருவத்தேழு வருசம் வேலை. போன வசந்தத்தில சட்டியோட விழுந்தவர். மாரடைப்பு. மூண்டு குழாய் அடைப்பெண்டு சொன்னாங்கள், நெஞ்சைத் திறந்து செய்யவேணும், ஆனால் இப்ப உடம்பு தாங்காது, தேற விட்டுச் செய்வம் எண்டு மருந்தோட வீட்டுக்கு விட்டாங்கள். வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில கிடந்த அந்த மூண்டு கிழமையும் இவர் பத்து வருசம் நிர்வாகத்தில ஓடித் திரிஞ்ச கோயில் ஆக்கள் ஒருத்தர் எட்டிப் பாக்கேல்லை. தேருக்கு வடம் வாங்கிறதெண்டால் இரவு பகலா டெலிபோன் அடிச்ச ஆக்கள், வட்ஸ்அப்பில ஒரு கும்பிட்ட கையை அனுப்பிப்போட்டு இருந்திட்டினம். வந்தது ஆரெண்டால் அல்லேலூயா சபைப் பாஸ்டர். எங்கட ஊர்ப்பக்கத்து ஆள்தான், கிழமை நாளில பார்சல் வான் ஓடுறவர். ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சு சூப்போட வந்தவர். கால் பிடிச்சு விட்டவர். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. சூப்பு நல்ல சூப்பு.

வீட்டுக்கு வந்து ரெண்டு மாசத்தில இவர் சபைக்குப் போகத் தொடங்கினார். போகட்டும், எனக்கென்ன எண்டுதான் இருந்தன். பொய் சொல்லுறன், எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் நெஞ்சு நோக்காரனோட என்னத்தைச் சண்டை பிடிக்கிறது எண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன். முதல்ல திருநீறு போச்சு. பேந்து கைநூலை அறுத்தார். சாமிப்படங்களைப் பாத்தால் முகத்தைத் திருப்பினார். படங்களை நானே கழட்டி அலுமாரிக்குள்ள வைச்சன். இத்தோட விட்டுவிடுவார் எண்டு நினைச்சன், என்ர விசர்.

ஆப்பரேஷனுக்கு நாள் குறிச்சு டெர்மின் வந்தது. புதன்கிழமை காலம்பிற. அதுக்கு முதல் ஞாயிறு பாஸ்டர் வீட்டுக்கு வந்து ஜெபிக்கப் போறார். வியாழன் பின்னேரம் இவர் வந்து குசினி வாசலில நிண்டார்.

"இஞ்ச கேளும். ஞாயிறு அவை வரேக்கை வீடு சுத்தமா இருக்கவேணும்."

"என்ர வீடு எப்ப ஊத்தையாக் கிடந்தது?"

"அதில்லை. உந்த அம்மன்."

என்ர கையில கரண்டி இருந்தது. நல்ல காலம் அவருக்கு, கரண்டிதான்.

அந்த அம்மனைப் பற்றிச் சொல்லவேணும். உள்ளங்கைக்குள்ள அடங்கிற பித்தளை. நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட காலத்தில மொஸ்கோவில, களவா எல்லை தாண்டுவிக்கிற ஏஜென்சிக்காரன் பையெல்லாத்தையும் பறிச்சு எறிஞ்சவன். இரும்பு பித்தளை ஒண்டும் கொண்டுவரக் கூடாது, சத்தம் கேக்கும் எண்டவன். நான் துணியில சுத்தி இடுப்பில கட்டினன். கொள்கலன் லொறியில போலந்து எல்லையைத் தாண்டேக்கை காத்து முடிஞ்சுபோச்சு. பதினெட்டுப் பேர். பக்கத்தில ஒரு பெடிச்சி மயங்கிப்போனாள். அப்ப என்ர இடுப்பைத் தடவி, சீலைக்கு மேலால அந்தப் பித்தளையைப் பிடிச்சுக்கொண்டு "தாயே, தாயே" எண்டு அழுதது ஆர்? உவர்தான். ஏஜென்சிக்காரனுக்கு ஒளிச்சன், பொலிசுக்கு ஒளிச்சன், அகதி முகாமில சாமானுக்கை கிண்டின ஆக்களுக்கு ஒளிச்சன். கடைசியில கட்டின மனுசனுக்கு ஒளிக்கிற காலம் வந்தது.

"அவ எங்க போறது?" எண்டு கேட்டன்.

"எங்கையாவது குடுத்துவிடும். கோயிலுக்குக் குடும்."

"எட்டிப் பாக்காத அந்தக் கோயிலுக்கோ?"

"அப்ப எறியும்."

"நீங்கள் எறிவியளோ? உங்கட கையால?"

அவர் நெஞ்சைத் தடவினார். பேந்து மெல்லச் சொன்னார், "அது பேய். வீட்டுக்கை இருந்தால் நான் ஆப்பரேஷன் மேசையில இருந்து எழும்ப மாட்டன். எனக்குத் தெரியும்."

வீம்பெண்டால் திருப்பி அடிக்கலாம், பயத்துக்கு என்ன செய்யிறது? ஆனால் எனக்கு அப்ப இரக்கம் வரேல்லை, கோவம்தான் வந்தது. என்ர சாமியைக் காட்டி என்னைப் பயப்படுத்திறார் எண்டு கோவம்.

வெள்ளிக்கிழமை வேலையில என்ர முகத்தைப் பாத்து, பக்கத்துக் கூடத்தில நிக்கிற ஈராக்காரன் என்ன நடந்ததெண்டு கேட்டார். தொழுகை தவறாத மனுசன், அந்தப் பழைய ஊர் நகரத்துக்குக் கிட்டப் பிறந்தவர். ஜேர்மனியர் காலத்தையும் நூற்றாண்டையும் சொல்லுற செங்கல்லைக் காட்டி "உது எங்கட பக்கத்து மண்" எண்டு சிரிப்பார். நான் எல்லாத்தையும் கொட்டினன். என்ர பக்கம் கதைப்பார் எண்டொரு நப்பாசை.

அந்தாள் தலையைச் சொறிஞ்சார். "அக்கா, நீ பிழையான ஆளிட்டை வந்திட்டாய். எங்கட முதல் ஆள் இப்ராகிம் நபி. சின்ன வயசில ஊர்ச் சிலையளை எல்லாம் கோடாலியால கொத்தினவர். பெரிசை மட்டும் விட்டிட்டு, ஆர் உடைச்சதெண்டு அதைக் கேளுங்கோ எண்டவர்."

"நல்ல பிள்ளை."

"ஒண்டு யோசி. அவர் உடைச்சது பக்கத்து வீட்டான்ர சாமியை இல்லை. தகப்பன் கும்பிட்ட சாமி. வெளியால இருந்து வந்து உடைக்கிறவன் கள்ளன். இது வீட்டுக்குள்ள நடக்கிற சண்டை. யூதரும் உந்தக் கதையைச் சொல்லுவினம், நாங்களும் சொல்லுறம்."

"உடைஞ்சாப் பிறகு அந்தத் தாய் என்ன செய்தவவாம்?"

"தாயைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை" எண்டார்.

எனக்கு அதில வந்த எரிச்சல்! மூண்டு சமயம், இத்தனை ஆயிரம் வருசம், அந்தத் துண்டையும் துகளையும் கூட்டி அள்ளினவ ஆரெண்டு ஒரு வரி இல்லை.

அண்டு பின்னேரம் வீட்டில இவற்ற வேதப்புத்தகத்தை எடுத்தன். பக்தியில இல்லை. குற்றம் பிடிக்கத்தான் எடுத்தன். சட்டத்தரணி மாதிரி ஒரு தாளில குறிப்பெடுத்து, அவையின்ர வாயாலயே அவையை அடிக்கவேணும் எண்டு. தொடக்கத்தில இருந்து வாசிச்சன். வெள்ளம் வந்தது, கோபுரம் விழுந்தது, ஆரோ பெண்சாதியைத் தங்கச்சி எண்டு சொல்லித் தப்பினான். சனி பின்னேரம் அது அகப்பட்டது.

ஒரு மகள். புருசனோட தகப்பன் வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை தகப்பன்ர வீட்டுச் சாமியளைத் தூக்கிக்கொண்டு போறாள். தகப்பன் துரத்தி வந்து கூடாரம் கூடாரமாத் தேடுறான். இவள் சாமியளை ஒட்டகச் சேணத்துக்குக் கீழ வைச்சிட்டு அதுக்கு மேல ஏறி இருக்கிறாள். "அப்பா, கோவிக்காதேங்கோ, எனக்கு எழும்ப ஏலாது, பொம்பிளையளுக்கு வாறது வந்திருக்கு" எண்டு சொல்லுறாள். அவன் தேடிக் களைச்சுப் போயிடுறான். அவள் ஆரெண்டு பாத்தால் லேசுப்பட்ட ஆளில்லை, அவையின்ர கோத்திரத்துக்கே தாய்.

எடி கெட்டிக்காரி! நான் தனிய இருந்து சத்தமாச் சிரிச்சன். அவள் சொன்ன சாட்டு எனக்கு ஏலாது, அது நிண்டு பத்து வருசம். ஆனால் முழங்கால் இருக்கே. பதினாலு வருசம் நிண்டு தேஞ்ச முழங்கால், டொக்டர்மாற்ற கடிதத்தோட.

ஞாயிறு பின்னேரம் மூண்டு மணிக்கு பாஸ்டரும் மனிசியும் வந்தினம். நான் றோல்ஸ் பொரிச்சு, தேத்தண்ணி போட்டு வைச்சிருந்தன். மரியாதையில ஒரு குறையும் விடேல்லை. சுவரில அடிச்ச சாமித்தட்டு வெறுமையாக் கிடந்தது, பழைய எண்ணெய் வட்டம் மட்டும். இவர் அதைக் கண்டு என்னைப் பாத்தார். முகத்தில அப்பிடியொரு நிம்மதி. எனக்கு அடிக்கவேணும் போல இருந்தது.

நான் மூலைக் கதிரையில இருந்தன். மெத்தைக்குக் கீழ அம்மன். மெத்தை தடிப்புத்தான், எண்டாலும் அவவின்ர கிரீடம் குத்தினது. தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில ஒத்துற ஆக்கள் நாங்கள், நான் அவவுக்கு மேல குந்தியிருக்கிறன். தாயே, பொறுத்துக்கொள்ளணை, வேற வழி இல்லையணை எண்டு உள்ளுக்குள்ள சொல்லிக்கொண்டே "இன்னும் ஒரு றோல்ஸ் எடுங்கோ பாஸ்டர்" எண்டன்.

தேத்தண்ணி முடிஞ்சது. பாஸ்டர் எழும்பினார். "பிரதருக்காக எல்லாரும் எழும்பி நிண்டு ஜெபிப்பம்."

அவை மூண்டு பேரும் எழும்பிச்சினம்.

"எனக்கு எழும்ப ஏலாது, முழங்கால்" எண்டன்.

"பிடிக்கிறன் சிஸ்டர்." கையை நீட்டிக்கொண்டு கிட்ட வந்தார்.

"வேண்டாம் பாஸ்டர். ஏலாதெண்டால் ஏலாது."

நீட்டின கை அப்பிடியே நிண்டது. அவர் என்னைப் பாத்தார். பேந்து மெத்தையைப் பாத்தார். புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்ச மனுசன், விளங்காமல் இருக்குமோ? காது ரெண்டும் சிவந்து வந்தது.

நான் விடேல்லை. "உங்கட வேதத்தில ஒரு மகள் தகப்பனுக்கு உதைத்தானே சொன்னவ? தகப்பன் அவவை எழுப்பினவரோ?"

"இல்லை" எண்டார்.

"அப்ப நீங்களும் எழுப்பாதேங்கோ."

"என்ன கதை அது?" எண்டு என்ர மனுசன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பாத்தார். பாஸ்டர் கண்ணை மூடினார். சத்தமா, உருக்கமா ஜெபிச்சார். டொக்டர்மாற்ற கையை ஆசீர்வதியும் எண்டார், ஒவ்வொரு நரம்பாச் சொல்லிக் கேட்டார். நல்லாத்தான் கேட்டார். நானும் கீழ குத்துறதைப் பொறுத்துக்கொண்டு அதையேதான் கேட்டன், வேற ஆளிட்டை.

வெளிக்கிடேக்கை வாசலில மெல்லக் குனிஞ்சு சொன்னார், "சிஸ்டர், அந்த மகள் வழியில செத்துப்போனவ. மிச்சத்தையும் வாசியுங்கோ."

"எல்லாரும் வழியிலதான் பாஸ்டர் சாகிறது" எண்டு சொல்லிக் கதவைச் சாத்தினன்.

வெண்டிட்டன் எண்டு நினைச்சன். திங்கள் நூதனசாலை பூட்டு, நாள் முழுக்க வீட்டில. அதுதான் பிழையாப் போச்சு. இவர் பாஸ்டருக்கு டெலிபோன் எடுத்துக் கேட்டு, அந்தப் பக்கத்தைத் தேடி வாசிச்சுப்போட்டு வந்தார். கையில விரிச்ச புத்தகம்.

"அதுக்கு மேல இருந்தனீரோ? அந்தாள் எனக்காக ஜெபிக்கேக்கை நீர் அதுக்கு மேல இருந்தனீரோ?"

"ஓம், இருந்தனான்."

"என்ர உயிரை விட உமக்கு அந்தப் பித்தளை பெரிசோ?"

"அந்தப் பித்தளை ஒரு நாளும் என்னைக் கைவிடேல்லை. லொறிக்குள்ள 'தாயே' எண்ட வாய் உது. உங்களுக்குச் சூப்புத் தந்தவன்ர பக்கம் போறதெண்டால் போங்கோ. அவவை விட்டிடுங்கோ."

"புதன் நான் மேசையிலயே செத்தால்?"

"சாகிறதெண்டால் சாகுங்கோ, பழியை அவவின்ர தலையில போடாதேங்கோ!"

சொல்லிப்போட்டன். சொன்ன வாயைக் கிழிக்கவேணும். முப்பத்து மூண்டு வருசம் ஒரே கட்டிலில படுத்த மனுசனுக்கு, நெஞ்சைத் திறக்க ரெண்டு நாள் இருக்க, நான் சொன்ன வார்த்தை அது. அவர் புத்தகத்தை மூடி நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு அறைக்குள்ள போனவர். மன்னிப்புக் கேக்கவேணும் எண்டு கதவடி மட்டும் போனன். கேக்கேல்லை. அம்மனைத் திரும்பத் தட்டில வைச்சு விளக்குக் கொளுத்தினன், அவருக்குத் தெரியவேணும் எண்டே கொளுத்தினன்.

செவ்வாய் வேலைக்குப் போனன். என்ர கூடத்தில நிண்டு அந்த மண் பொம்பிளையின்ர கழுத்தைப் பாக்கேல்லை, முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டன். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால் தட்டு வெறுமை.

இவர் முன்னறையில இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பெட்டி அடுக்கி வைச்சிருக்கு. முகம் சாம்பல் நிறம்.

"எங்க?"

"எறியேல்லை."

"எங்க எண்டு கேட்டனான்!"

"மிச்சத்தையும் வாசிச்சனான்" எண்டார். "நாலு அதிகாரம் தள்ளி இருக்கு. அந்த மகளின்ர புருசன் வீட்டில இருந்த சாமியள் எல்லாத்தையும் வாங்கி, ஒரு மரத்துக்குக் கீழ மண்ணைக் கிண்டித் தாட்டவர். உடைக்கேல்லை. எரிக்கேல்லை. தாட்டவர். நானும் அப்பிடித்தான்."

இந்த நாட்டில எங்களுக்கெண்டு ஒரேயொரு மரந்தான் இருக்கு. எஸ்-பான் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டில ஒரு பிளம்ஸ் மரம். அங்க போக நடையில பதினைஞ்சு நிமிசம். நான் கோட்டைக்கூடக் கழட்டேல்லை. நூதனசாலை உடுப்போட ஓடினன். தோட்டக் கொட்டிலடியில மண்வெட்டி சாத்தி வைச்சிருந்தது, நுனியில ஈரமண். அப்பதான் எனக்கு உறைச்சது. வாளித் தண்ணி தூக்கக் கூடாத மனுசன், மூண்டு அடைப்போட மண்வெட்டி பிடிச்சிருக்கிறார். அட நாசமறுப்பே, உனக்கென்ன விசரோ எண்டு மரத்தைப் பாத்துக் கத்தினன். பக்கத்துத் தோட்டத்துக் கிழவன் வேலிக்கு மேலால எட்டிப் பாத்தான். பாக்கட்டும்.

கனக்கத் தோண்ட வேண்டி வரேல்லை. நாலு விரல் ஆழம்தான், அதுக்கு மேல அவருக்கு ஏலாமல் போயிருக்கு. மாஜரின் பெட்டி ஒண்டு. சுத்திவர மூண்டு தரம் ஒட்டுநாடா, தண்ணி போகாமல். நகத்தால கிழிச்சுத் திறந்தன். உள்ளுக்குள்ள அவற்ற வெள்ளைப் பெனியன், தோய்ச்சு மடிச்சது. அதை விரிச்சால் அம்மன். துலக்கியிருக்கு. நெத்தியில குங்குமம், பச்சை ஈரமா. நான் வைக்கிறது சின்னப் பொட்டு. இது பெரிசு, நடுங்கின கை வைச்சது, ஒரு பக்கம் இழுபட்டுக் கிடந்தது. காலடியில எங்கட தோட்டத்துச் செவ்வந்திப் பூ, ஒண்டு. ஒரு கற்பூரக் கட்டி, கொளுத்தாமல்.

நான் அந்த மண்ணுக்கை இருந்து எழும்பேல்லை. இந்த முறை முழங்காலைச் சாட்ட வேண்டி வரேல்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியை அவருக்கு முன்னால மேசையில வைச்சன். அவர் அதைப் பாக்கேல்லை, சுவரைப் பாத்தார்.

"பேய் எண்டு சொன்னியள். பேய்க்கு ஆரும் பொட்டு வைப்பினமோ? பேய் நனைஞ்சுபோம் எண்டு ஆரும் ஒட்டுநாடா சுத்துவினமோ? உங்களுக்கு ஆரில நம்பிக்கை எண்டு இண்டைக்கு எனக்குச் சொல்லவேணும்."

"நம்பிக்கை எல்லாம் எனக்குத் தெரியாது" எண்டார். குரல் குழந்தைப்பிள்ளையின்ர குரல். "எனக்கு ரெண்டு பேரிலயும் பயமாக் கிடக்கு."

சண்டைக்கு எண்டு சேத்து வைச்சது முழுக்க எங்கையோ போட்டுது. அவர் கையை நீட்டி, பெட்டியைத் தொடாமல், அதுக்குப் பக்கத்தில மேசையில வைச்சார்.

"நான் எறியேல்லை எண்டு அவவிட்டை நீர் சொல்லும்" எண்டார். "நீர் சொன்னால் கேப்பா."

"நான் சொல்ல மாட்டன்!" எண்டு கத்தினன். அழுதுகொண்டு கத்தினன். "ஒரு சொல்லும் சொல்ல மாட்டன். அந்த மேசையில இருந்து எழும்பி வந்து நீங்களே சொல்லுங்கோ. கேட்டுதோ? உயிரோட வந்து, உங்கட வாயால சொல்லுங்கோ."

பன்ரண்டு நாள் கழிச்சு ஆஸ்பத்திரியால வந்தவர். நெஞ்சைக் கையால பொத்திக்கொண்டு, சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு, சப்பாத்தோட நேர, நான் அம்மனைத் திரும்ப வைச்ச தட்டடிக்குப் போனவர். நான் குசினிக்குள்ள போய்க் கதவைச் சாத்தித் தண்ணியைத் திறந்துவிட்டன், எனக்குக் கேக்கக் கூடாதெண்டு.